வளர்ந்த நாயைக் கூண்டுக்குப் பழக்குவது: மதுரை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நாய்க்குட்டியைக் கூண்டுக்குப் பழக்குவதும், மூன்று வயதிலோ ஐந்து வயதிலோ வீட்டுக்கு வந்த நாயைப் பழக்குவதும் ஒரே வேலை இல்லை. குட்டிக்குக் கூண்டும் புதுசு, வீடும் புதுசு. வளர்ந்த நாய்க்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. தெருவில் தன் இஷ்டத்துக்குத் திரிந்திருக்கும். தோப்பில் காவலுக்குச் செயினில் கிடந்திருக்கும். குட்டி எடுத்து விற்கும் இடத்தில் வருஷக்கணக்காக இரும்புக் கம்பிக்குள் இருந்திருக்கும். வீடு மாறிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன லாப்ரடாராகவும் இருக்கலாம். கூண்டைப் பார்த்ததும் அதற்கு எந்த ஞாபகம் வரும் என்று நம்மால் சொல்ல முடியாது.

அதனால் கீழே நான் சொல்வதெல்லாம் ஒரு விஷயத்தைச் சுற்றியே போகும்: கதவைச் சாத்துவது கடைசி வேலை. நாய் யாரும் சொல்லாமல் தானாக உள்ளே போய், உடம்பைத் தளர்த்திப் படுத்துத் தூங்கும் வரைக்கும் அந்தக் கூண்டுக்குக் கதவே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டு எதற்கு, எதற்கு இல்லை

நம் பக்கத்து வீடுகளில் நாயை வைக்கும் இடம் பெரும்பாலும் மூன்றுதான்: வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே, இல்லாவிட்டால் மொட்டைமாடி. விருந்தாளி வந்தால் “நாயைக் கட்டுங்க” என்ற குரல் முதலில் வரும். செயினில் கட்டிய நாய் வருகிறவர்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருக்கும். கூண்டுக்குப் பழகிய நாய் ஹாலில் குடும்பத்தோடு இருக்கும். ஆள் வந்தால் தன் இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். கூண்டின் முதல் பயன் இதுதான். கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பிறகு 10 முதல் 14 நாள் வரை துள்ளாமல் ஓடாமல் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்வார். பழகிய நாய்க்கு அது கஷ்டமே இல்லை. காரில் கூட்டிப் போக, ரயிலில் அனுப்ப, நாய்க்குப் பயப்படும் குழந்தைகள் வரும்போது கொஞ்ச நேரம் தனியாக வைக்க, தீபாவளி இரவில் ஒதுங்கிக்கொள்ள என்று எல்லாவற்றுக்கும் உதவும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், “ஏப்பா, வாயில்லா சீவனைப் போய்க் கூண்டுல அடைக்கிறியே, பாவமா இல்லையா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு வாயால் பதில் சொல்வதைவிட, கதவு திறந்தே கிடக்கும் கூண்டில் நாய் மல்லாந்து தூங்குவதைக் காட்டினால் போதும். அது வரைக்கும் அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளாமல் இந்தப் பழக்கம் நிலைக்காது.

எதற்குக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தண்டனைக்குக் கூடாது. குரைப்பதை நிறுத்த அடைத்து வைக்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு மாலை ஆறு மணிக்கு வந்து திறப்பதற்குக் கூடவே கூடாது. நல்ல ஆரோக்கியமான வளர்ந்த நாயைப் பகலில் ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்காதீர்கள். இரவில் நீங்களும் அதே அறையில் தூங்கி, படுக்கப் போகுமுன் ஒன்றுக்குக் கூட்டிப்போய் வந்திருந்தால் ஆறேழு மணி நேரம் தாங்கும். அசைய இடமில்லாத கூண்டில் ஒரு பிராணியை வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவுப்படி குற்றம். மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான செயினில் நெடுநேரம் கட்டிவைப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத நாயிடம் இதைத் தொடங்காதீர்கள். முதலில் அது சாப்பிடட்டும், உங்கள் வாசனையும் வீட்டுச் சத்தமும் பழகட்டும். அதற்குள் கால்நடை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூட்டுவலி உள்ள நாய்க்கு எந்தப் பாடமும் ஏறாது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். சோர்ந்து மூலையில் கிடக்கும் நாயைப் பார்த்து “அடக்கமான நாய்” என்று நினைத்துவிடக் கூடாது.

அளவும் ரகமும்

நாயை நிற்க வைத்து மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை டேப் பிடித்து அளந்து, 4 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். அது கூண்டின் நீளம். நிற்கும்போதும் உட்காரும்போதும் தலை உச்சி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காது நிமிர்ந்த நாய் என்றால் காது நுனி வரை. இரண்டில் எது அதிகமோ அதோடு 4 அங்குலம் கூட்டினால் உயரம். உள்ளே நாய் நிமிர்ந்து நிற்கவும், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். குட்டிகளுக்குச் சின்னக் கூண்டுதான் நல்லது, பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் அசுத்தம் செய்துவிடும் என்பார்கள். வெளியே போய்ப் பழகிய வளர்ந்த நாய்க்கு அந்தக் கவலை வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள், காற்று ஓடும்.

கடையில் கிடைக்கும் மடக்குக் கம்பிக் கூண்டுகள் 24, 30, 36, 42, 48 அங்குல நீளங்களில் வருகின்றன. பொமரேனியனுக்கு 24 அல்லது 30. நாட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் 36 அல்லது 42. லாப்ரடாருக்கு 42. சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் ஒல்லியாக இருந்தாலும் கால் நீளம், உயரமும் அதிகம். எடையைப் பார்த்து வாங்கினால் குனிந்துகொண்டுதான் நிற்கும். ராஜபாளையத்துக்குத் தோள் உயரமே 25 அங்குலத்தைத் தாண்டும், தலை அதற்கும் மேலே. கடைக் கூண்டு சில சமயம் உயரம் போதாது. அப்போது வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்வதுதான் வழி.

பட்டறையில் ஆர்டர் கொடுக்கும்போது சிலவற்றைக் கறாராகச் சொல்லுங்கள். தரை கம்பியாக இருக்கக் கூடாது, தகடாக இருக்க வேண்டும்; கம்பித் தரையில் பாதம் புண்ணாகும், நகம் மாட்டும். கம்பிகளுக்கு நடுவே தலை நுழையவே கூடாது, தாடையும் மாட்டக் கூடாது. வெல்டிங் பிசிறு எல்லாவற்றையும் ராவி வழவழப்பாக்கச் சொல்லி, நீங்களே உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கதவு பக்கவாட்டில் திறக்கட்டும். மேலே தூக்கிக் கீழே விடும் கதவு நாய் மேல் விழுந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. பெயிண்ட் அடித்தபின் வாசனை சுத்தமாகப் போகும் வரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அப்புறம், நான்கு சக்கரமும் அதற்குப் பூட்டும் வைத்துக்கொண்டால் அறைக்கு அறை தள்ளிப்போக வசதி.

பழைய கூண்டு யாராவது கொடுத்தால் வாங்கலாம். ஆனால் நாய்களுக்குக் கொடிய வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் பார்வோ வைரஸ் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது. பிளீச்சிங் கலந்த தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, நல்ல வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். துணியில் செய்த மடக்குக் கூண்டைப் புதிதாகப் பழகும் நாய்க்கு நான் சொல்லமாட்டேன், ஒரே கீறலில் கிழிந்துவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் கூண்டு பயணத்துக்கு நல்லது, வீட்டில் வைக்கக் காற்றோட்டம் குறைவு.

எங்கே வைப்பது

இதில் தவறினால் மற்ற எல்லாம் வீண். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். இளைப்பதுதான் அது தன் உடம்பைக் குளிர்விக்கும் வழி. சுற்றியுள்ள காற்றே சூடாக, அசையாமல் நின்றால் எவ்வளவு இளைத்தும் பயன் இல்லை. சித்திரை, வைகாசியில் மதுரையில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாட்கள் உண்டு. தகரக் கொட்டகைக்குக் கீழேயோ மொட்டைமாடி அறையிலோ அந்த நாளில் மூடிய கூண்டுக்குள் இருக்கும் நாய் செத்துப்போகலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும்.

கூண்டு ஹாலில் இருக்கட்டும். குடும்பம் எங்கே உட்காருமோ அங்கே, ஆனால் எல்லோரும் நடக்கும் வழியில் இல்லாமல், ஒரு சுவரோரமாக. மேற்குப் பார்த்த ஜன்னல் வேண்டாம். மூன்று மணி வெயில் நேரே உள்ளே விழும், இரும்புக் கம்பி கை வைக்க முடியாமல் சுடும். சமையலறைச் சுவரையும் தவிர்க்கலாம். மேல்தளம் உள்ள வீட்டில் கீழ்த்தளம் எப்போதும் குளிர்ச்சி. மொசைக் தரையோ பழைய சிவப்புத் தரையோ இருந்தால் அதன் மேலேயே வையுங்கள். ஃபேன் காற்று கூண்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். மேலே போர்வை போட்டு மூடினால் நாய் அமைதியாக இருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு மெல்லிய பருத்தி வேட்டி போதும், அதுவும் மேலேயும் பின்பக்கமும் மட்டும்.

இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாட்கள். முந்தைய நாள் பேப்பரிலேயே ஏரியா பெயரோடு வந்துவிடும். அந்த நாளில் நாயைப் பூட்டிவிட்டு வெளியே போகாதீர்கள்.

வெயில் தாக்கிய நாய் நாக்கை அகலமாகத் தொங்கவிட்டு வேகமாக இளைக்கும், எச்சில் கோந்து போல ஒழுகும், ஈறு கருஞ்சிவப்பாகும், தள்ளாடும், வாந்தி எடுக்கும். நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. 104-ஐத் தாண்டினால் அவசரம். உடனே வெளியே எடுத்து நிழலில் போட்டு, வயிறு, தொடை, பாதம் எல்லாம் நனையத் தண்ணீர் ஊற்றி ஃபேன் வையுங்கள். மத்தியான நேரத்தில் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். குடத்துத் தண்ணீரோ தரைத்தொட்டித் தண்ணீரோ எடுத்து ஊற்றுங்கள். ஊற்றிக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

உள்ளே என்ன வைப்பது

பழைய பருத்திச் சேலையை மடித்து விரித்தால் போதும். கன்னி, சிப்பிப்பாறைக்கு உடம்பில் சதை குறைவு என்பதால் முட்டியும் இடுப்பும் தேயாமல் கொஞ்சம் கனமான விரிப்பு வேண்டும். வெயில் காலத்தில் நாய் விரிப்பை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தரையில் படுத்தால் விட்டுவிடுங்கள், அதற்குத் தெரியும். கோணிச்சாக்கு வேண்டாம். நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பு, சாக்கு இழை, கூண்டின் மடிப்பு இவற்றில் ஒளிந்திருந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் பெருகும். வாரம் ஒருமுறை விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், கூண்டின் அடித்தட்டான ட்ரேயைத் தூக்கி அடியில் பாருங்கள், மூலைகளைப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். நாய்க்கு உண்ணி மருந்து டாக்டர் சொன்ன கணக்கில் தவறாமல் போக வேண்டும். எறும்பு வருகிறதே என்று விஷ சாக்பீஸால் கூண்டைச் சுற்றிக் கோடு போடாதீர்கள்; சாப்பாட்டுத் துணுக்கு மிஞ்சாமல் துடைத்தாலே எறும்பு வராது. பினாயிலும் வேண்டாம். அந்த நெடியே நாயை வெளியே விரட்டிவிடும், பாதத்தில் ஒட்டியதை நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல்.

தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியில் மாட்டும் ரகமாக வாங்குங்கள். உள்ளே இருக்கும்போது கழுத்து பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பெல்ட் வளையம் கம்பியில் மாட்டி நாய் இழுத்தால் கழுத்து நெரியும்.

பழக்குவது எப்படி

முதல் சில நாட்கள் எதுவும் செய்ய வேண்டாம். கூண்டை இடத்தில் வைத்து, கதவை முழுக்கத் திறந்து, ஆடாமல் கயிற்றால் கட்டிவிடுங்கள். கதவு தானாக ஆடிக் ‘கிளாங்’ என்று அடித்தால் பயந்த நாய் அந்தப் பக்கமே வராது. கூப்பிடாதீர்கள், தள்ளாதீர்கள், தூக்கி உள்ளே வைக்காதீர்கள். நாய் பார்க்காத நேரத்தில் கூண்டைச் சுற்றி நாலு துண்டுத் தீனி போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நல்லது கிடைக்கிறது என்று அதுவாகக் கண்டுபிடிக்கட்டும்.

தீனி என்றால் நாய் மற்ற நேரத்தில் பார்க்காத ருசியாக இருக்க வேண்டும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, ஈரல், முட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இவற்றைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். ஈரல் தினமும் நிறையக் கூடாது. இட்லித் துணுக்கு கொடுக்கலாம், சட்னி சாம்பார் தொடாமல். வெங்காயம் நாய்க்கு விஷம். திராட்சை, சாக்லேட், வெந்த கோழி எலும்பு மூன்றும் எப்போதும் கூடாது. தீனி போடும் அளவுக்கு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள்.

கூண்டுப் பக்கம் சாதாரணமாக வரத் தொடங்கியதும் தீனியை வாசலில், அப்புறம் வாசலுக்கு உள்ளே ஒரு சாண், அப்புறம் நடுவில் என்று நகர்த்துங்கள். தலையை மட்டும் நீட்டி எடுத்துக்கொண்டு ஓடினால் ஓடட்டும். திரும்ப வருவதுதான் முக்கியம். முன்கால் உள்ளே, பின்கால் வெளியே, உடம்பை ரப்பர் மாதிரி நீட்டி எட்டி எடுக்கிறது என்றால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். தீனியை மறுபடி வாசலுக்குக் கொண்டுவாருங்கள்.

கூண்டைக் கண்டாலே நடுங்கும் நாய்க்கு வேறு வழி இருக்கிறது. கூண்டை விட்டுவிட்டு அதன் ட்ரேயையும் விரிப்பையும் மட்டும் ஹால் தரையில் போடுங்கள். அதில் உட்கார்ந்தால் தீனி, படுத்தால் தீனி. அது தன் படுக்கை என்று ஆன பிறகு, அதே ட்ரேயையும் துவைக்காத அதே விரிப்பையும் கூண்டுக்குள் தள்ளுங்கள். பிளாஸ்டிக் கூண்டாக இருந்தால் மேல் பாதியைக் கழற்றிவிட்டுக் கீழ்ப்பாதியில் பழக்கலாம். அலங்காநல்லூர்ப் பக்கத் தோப்பில் வருஷக்கணக்காகச் செயினில் கிடந்த ஒரு கன்னி நாய் என் பொறுப்பில் கொஞ்ச காலம் இருந்தது. கூண்டு அதற்குப் பிரச்சினையாக இல்லை, தாழ்ப்பாளின் இரும்புச் சத்தம்தான் பிரச்சினை. செயின் குலுங்கும் சத்தம் போலவே அது கேட்டிருக்க வேண்டும். தாழ்ப்பாளில் துணி சுற்றிக் கட்டியதும் உள்ளே போக ஆரம்பித்தது. நாய் எதற்குப் பின்வாங்குகிறது என்று உட்கார்ந்து கவனியுங்கள். பாதி வேலை அதுதான்.

அடுத்து வேளைச் சாப்பாடு. காலையும் மாலையும் கிண்ணத்தைக் கூண்டு வாசலில் வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்த்துங்கள். கடைசிச் சுவரை ஒட்டிக் கிண்ணம் இருக்க, நாய் நான்கு காலையும் உள்ளே வைத்து வாலைத் தளர்த்தி நிதானமாகச் சாப்பிட்டால் நல்ல முன்னேற்றம். சாப்பிட்டு முடித்ததும் வெளியே வர விடுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு கட்டளைச் சொல் சேர்க்கலாம். “போ” என்ற சொல் வேண்டாம். தெருவில் அது கேட்டதெல்லாம் “ச்சீ, போ” தான். அந்தச் சொல்லைக் கேட்டாலே சில நாய்கள் வாலை இடுக்கிக்கொள்ளும். “வீட்டுக்குள்ள”, “படுக்கை” என்று எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லை, அதே தொனியில் சொல்ல வேண்டும். நாய் தானாக உள்ளே நுழையும் நொடியில் சொல்லித் தீனி கொடுத்துக்கொண்டே வந்தால், பிறகு சொன்னதும் நுழையும்.

உள்ளே போவது வேறு, உள்ளே இருப்பது வேறு. இருக்கப் பழக்க நல்ல நேரம் மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு மணி வரை. வெயிலில் ஊரே அடங்கும் அந்த நேரத்தில் நாயும் எங்காவது குளிர்ச்சியாகப் படுக்கத்தான் பார்க்கும். காலை வெயில் ஏறுமுன்பும் மாலை ஆறு மணிக்கு மேலும் நன்றாக நடக்க வைத்திருந்தால் இன்னும் சுலபம். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பூக்கட்டுங்கள், பேப்பர் படியுங்கள். நாய் உள்ளே படுத்தால் பேசாமல் ஒரு துண்டு போடுங்கள். தலையைத் தரையில் வைத்தால் இன்னொரு துண்டு. உள்ளே குழிவான ரப்பர்ப் பொம்மை கிடைத்தால் அதில் தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுங்கள். நக்கிக்கொண்டே வெகுநேரம் கிடக்கும், வெயிலுக்கும் இதம்.

கதவு இப்போதுதான் வருகிறது. நாய் உள்ளே சாப்பிடும்போது கதவைத் தொட்டுக் கொஞ்சம் அசையுங்கள், விட்டுவிடுங்கள். அடுத்த வேளை பாதி சாத்தித் திறங்கள். அப்புறம் முழுக்கச் சாத்தி, தாழ் போடாமல், ஒரு நொடியில் திறங்கள். நாய் சாப்பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் அந்தப் படியிலேயே இன்னும் சில வேளை நில்லுங்கள். கண்டுகொள்ளாமல் சாப்பிட்டால் மூன்று நொடி, பத்து நொடி, அரை நிமிஷம் என்று போகலாம். நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் நடுநடுவே குறைத்துவிடுங்கள்: ஒரு நிமிஷத்துக்குப் பிறகு ஐந்து நொடி, அப்புறம் இரண்டு நிமிஷம். ஒவ்வொரு தடவையும் முன்னதைவிட நீளமாகப் போனால் நாய் கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாய் வெளியே வரத் தவிக்குமுன் நீங்கள் திறந்துவிட வேண்டும்.

தாழ் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் அமைதியாக இருந்ததா? இனி நீங்கள் நகரலாம். எழுந்து நில்லுங்கள், உட்காருங்கள். அடுப்படி வரை போய் வாருங்கள். அடுத்த அறைக்குப் போய் உடனே திரும்புங்கள். வெளியே கிளம்பும் சடங்குகளைத் தனியாகப் பழக்க வேண்டும்: சாவிக்கொத்துச் சத்தம், செருப்பு மாட்டுவது, வண்டி ஸ்டார்ட் செய்வது. அன்றாடம் இவற்றைச் செய்துவிட்டு எங்கும் போகாமல் திரும்ப வந்து உட்காருங்கள். அவற்றுக்கும் தனிமைக்கும் உள்ள முடிச்சு அவிழும். அப்புறம் முக்குக்கடைக்குப் போய் வரும் நேரம், பிறகு கால் மணி, அரை மணி. பழைய போன் ஒன்றை வீடியோ ஓடவிட்டு வைத்துவிட்டுப் போங்கள். கதவு சாத்தியபின் நாய் என்ன செய்கிறது என்று பார்க்காமல் அது பழகிவிட்டதாக முடிவு கட்டக் கூடாது.

இதெல்லாம் எவ்வளவு நாளாகும் என்றால், சில நாய்களுக்கு இரண்டு வாரம், சிலவற்றுக்கு இரண்டு மூன்று மாதம். பயிற்சி ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், நாளுக்கு மூன்று நாலு தடவை போதும்.

அழுதால்

“அழும்போது திறக்காதே, திறந்தால் அழுதே காரியம் சாதிக்கும்” என்று பலர் சொல்வார்கள். வளர்ந்த நாயின் விஷயத்தில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முனகுகிறது என்றால் நாம் வைத்த படி அதற்குப் பெரிதாக இருக்கிறது. சின்ன முனகலாக இருந்தால் சில நொடி பொறுத்துப் பாருங்கள், தானாக அடங்கலாம். அடங்காவிட்டால் சத்தம் போடாமல் திறந்துவிட்டு, அடுத்த தடவை இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். மணிக்கணக்கில் ஊளையிட்டுக் களைத்து அடங்கிய நாய் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, கத்திப் பயன் இல்லை என்பதைத் தவிர. நடுராத்திரியில் எழுப்பினால் ஒன்றுக்குத்தான் இருக்கும். பெல்ட்டைப் போட்டு வெளியே கூட்டிப்போய், விளையாட்டு இல்லாமல், திரும்பப் படுக்க வையுங்கள். இரவுக்குக் கூண்டை முதலில் உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது.

கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம், நகம் உடைவது, விரிப்பு நனையும் அளவுக்கு எச்சில், உள்ளேயே மலஜலம், நீங்கள் கண்ணில் படாத நொடியிலிருந்து ஓலம் என்று இருந்தால் பயிற்சியை அன்றோடு நிறுத்துங்கள். தனிமையைத் தாங்க முடியாத பீதி அது. கூண்டு அதைக் குணப்படுத்தாது, கூட்டும். டாக்டரிடம் வீடியோவைக் காட்டுங்கள், மருந்தும் பயிற்சியும் சேர்ந்து தேவைப்படலாம். அது வரை ஒரு அறையில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு போட்டு வைத்தால் போதும். சில நாய்களுக்கு வாழ்நாள் முழுக்க அதுவே போதும். அதில் தோல்வி எதுவும் இல்லை.

வீட்டுக் குழந்தைகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: நாய் கூண்டுக்குள் இருந்தால் கையை விடக் கூடாது, உள்ளே தவழ்ந்து போகக் கூடாது, கம்பியில் குச்சியால் தட்டக் கூடாது. தப்பிக்க வழியில்லாத இடத்தில் சீண்டினால் சாது நாயும் கடிக்கும்.

திருவிழா, வெடி, பயணம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் கூண்டு வாங்கி வந்து பயன் இல்லை. ஆடிக் காற்றில் தொடங்கினால் ஐப்பசிக்குள் பெரும்பாலான நாய்கள் பழகிவிடும், கத்திரி வெயிலும் போயிருக்கும். வெடி இரவில் கூண்டை உள்ளறைக்குத் தள்ளி, மேலேயும் பின்னாலும் வேட்டி போர்த்தி, ஃபேனை வேகமாக வைத்து, டிவியைப் போட்டுவிட்டுக் கூடவே இருங்கள். அன்றைக்குக் கதவைத் தாழ் போடாதீர்கள். பீதியில் இருக்கும் நாயைப் பூட்டினால் பல்லை உடைத்துக்கொள்ளும். வீட்டு வாசல் கதவைத்தான் பூட்ட வேண்டும். வெடிக்குப் பயந்து ஓடித் தொலையும் நாய்கள் ஏராளம். சித்திரைத் திருவிழாவில் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் என்று அழகர் வரும் வழியில் குடியிருப்பவர்களுக்கும், பொங்கலில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் இருப்பவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். தெருவில் துக்க வீட்டு வேட்டு முன்னறிவிப்பு இல்லாமல் வரும். கதவு எப்போதும் திறந்திருக்கும் கூண்டு உள்ள நாய் தானாக உள்ளே போய் ஒதுங்கிக்கொள்ளும்.

காரில் கூண்டு வைத்தால் ஆடாமல் கட்டுங்கள், ஏசி போட்டு ஓட்டுங்கள், டீ குடிக்க இறங்கும்போதுகூட நாயைக் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய கார் சில நிமிஷத்தில் அடுப்பாகிவிடும்.

ரயிலில் இரண்டு வழி. முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேயையோ நான்கு பேர் கேபினையோ முழுக்க உங்கள் பெயரில் எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் அனுப்ப வேண்டும். மற்ற ஏசி வகுப்புகளிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. தடுப்பூசிச் சீட்டையும் டாக்டர் கொடுக்கும் உடல்நலச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, வண்டி கிளம்ப நன்றாக நேரம் இருக்கும்போதே ஜங்ஷன் பார்சல் அலுவலகத்துக்குப் போய் பதிவு செய்யுங்கள். கார்டு பெட்டியில் போகும் நாய்க்குச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் நம் பொறுப்பு. வண்டி நிற்கும் பெரிய ஸ்டேஷன்களில் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். ராத்திரி வண்டியாகப் பாருங்கள். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே வயிறாரச் சாப்பாடு கொடுப்பதை முடித்துவிட்டு, வீட்டுக் கூண்டில் அது படுத்திருந்த விரிப்பைத் துவைக்காமல் அப்படியே எடுத்து உள்ளே விரித்துவிடுங்கள்.